அதே காற்று

மேயர் கயிற்றை இழுத்தார். துணி வரவில்லை. இரண்டாவது இழுப்பில்தான் எவால்டின் வீட்டுச் சுவரிலிருந்து அது விழுந்தது.

‘வேதியியல் மேதை லோமாயர் 1841இல் இவ்வீட்டில் வாழ்ந்தார்.’ பித்தளைப் பலகை.

கூட்டம் கைதட்டியது. எவால்ட் தட்டவில்லை.

லோமாயர் பெயரில் ஊரில் ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு மருந்துக்கடை, ஒரு கேக்கும் உண்டு. மனிதர் கண்டுபிடித்தது என்னவோ ஓர் உப்பு. சூப்பில் போடக்கூட உதவாது.

அந்த உப்பு எவால்டின் ஜன்னலில் வந்து விடிந்தது.

மனைவி ஹெட்விக்குக்கு நெஞ்சு சரியில்லை. பழைய மர ஜன்னலின் இடுக்கில் நுழையும் குளிர்காற்று அவளை இருமி இருமிச் சுருட்டியது. நாற்பது வருஷம் ஊரார் கூரைகளில் ஏறி ஓடு மாற்றிய எவால்ட், மிச்சம் பிடித்து இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னல்கள் ஆறு வாங்கினார். மாட்டுகிற வாரத்தில் பாரம்பரியக் கட்டடத் துறையின் கடிதம் வந்தது. மேதை வாழ்ந்த வீடு. ஓர் ஆணிகூட மாறக்கூடாது.

புது ஜன்னல்கள் இரண்டு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கின்றன.

விழாவுக்கு வந்திருந்த பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லோமாயர் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தைப் படித்தார்: “ஏழாம் எண் வீட்டின் ஜன்னல் வழியே காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது அம்மா. மை உறைகிறது. பதினோரு நாள் பொறுத்தேன். நாளை காலி செய்கிறேன்.”

மறுபடியும் கைதட்டல். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எவால்ட் நேராகத் துறை அதிகாரியம்மாவிடம் போனார். “ஏம்மா, அந்த ஆளே பதினோரு நாள்ல ஓடிட்டான். நாங்க நாப்பத்தோரு வருஷமா வெறச்சுக் கெடக்கோம். எவன் தியாகி?”

“அதுக்காகத்தான் காப்பாத்துறோம் பெரியவரே. அவர் மேல பட்ட அதே காத்து! வேற எங்க கெடைக்கும்?”

எவால்டின் கை கோட்டுப் பைக்குள் போனது. உள்ளே ஒரு பழைய காகிதம், லோமாயர் காலத்துத் தீக்காப்பீட்டுப் பட்டியல். போன வாரம் பரணில் அகப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் வீட்டு எண் வரிசையாக இல்லை. யார் முதலில் காப்பீடு எடுத்தாரோ அந்த வரிசைதான் எண். பதினாலு வயதில் படிப்பை விட்டவருக்கே இது புரிந்தது. பேராசிரியர்களோ இன்றைய ஏழாம் எண்ணைப் பார்த்து வந்து நின்றுவிட்டார்கள்.

பட்டியலில் இவர் வீடு இருபத்துமூன்று. ஏழு, எதிர்வீடு.

நீட்டினால் போதும். பலகை தெருவைத் தாண்டிவிடும். எதிர்வீட்டின் பிளாஸ்டிக் ஜன்னலைப் பிடுங்கி, பழையபடி மரம் வைக்கச் சொல்வார்கள். இவர் நாளைக்கே தன்னுடையதை மாட்டலாம்.

காகிதத்தைப் பாதி வெளியே எடுத்தபடி எதிர்வீட்டை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கே ஊர்சுலா தனியாக இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. இரண்டு குளிர்காலமாக விடிந்ததும் தெருவைக் கடந்து வந்து, ஹெட்விக்கைக் கைபிடித்துக் கூட்டிப்போய், இருட்டுகிறவரை தன் ஜன்னலோரம் உட்காரவைத்துக்கொள்கிறாள்.

கண்ணாடிக்குப் பின்னால், சால்வைகூட இல்லாமல், ஹெட்விக் கேக் தின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முள்கரண்டியை ஆட்டினாள்.

“என்ன பெரியவரே, கையில ஏதோ காகிதம்?” என்றாள் அதிகாரியம்மா.

எவால்ட் அதை இரண்டாக மடித்தார்.

“அடுப்பு பத்தவைக்க.”