சுவர் இல்லாத அரங்கம்

"சார், நாற்காலி போடச் சொல்லவா?"

மூன்றடி தள்ளி நின்றுகொண்டுதான் தலைமையாசிரியை அப்படிக் கத்தினார். ஆர்க்கிடெக்ட்டுக்குக் காது அடைத்துப்போனது. படித்த பெண்மணிக்கே இந்த லட்சணம் என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்?

வாட்ச்மேனும் கத்தினான். விளையாட்டு வாத்தியார் "வணக்கம்" சொன்னதே ஊரைக் கூட்டுகிற மாதிரி இருந்தது. வார நாட்களில் மூச்சுவிட நேரமில்லாத மனிதர், இன்றைக்குப் போலவே போன மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இவர்களுக்காகத் தியாகம் செய்திருந்தார். அதற்குக் கிடைத்த மரியாதை இந்தக் கூச்சல்.

மைதானத்தின் நடுவே மேசை போட்டு வரைபடத்தை விரித்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிய கலையரங்கம், எழுநூறு பேர் உட்காரலாம். தூண் உண்டு, கூரை உண்டு, சுவர் மட்டும் பேருக்குக்கூடக் கிடையாது.

"நிலம் என்ன கேக்குதோ அதைத்தான் நான் கட்டுவேன் மேடம். தண்ணி ஓடுற வாட்டத்துலயே படிக்கட்டு. மதிலோரம் அந்த மரத்து இலையைப் பாருங்க, என்னமா ஒரு சாம்பல் நிறம்! தூணுக்கும் அதே நிறம்தான்."

தலைமையாசிரியை இலையைப் பார்த்தார். விளையாட்டு வாத்தியார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், மதில் பக்கம் மட்டுமாவது கனமா ஒரு சுவர்..."

"சுவரா? கோழிக்கூண்டுதான் வேணும்னா ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"இல்ல சார், கடிதத்துலயே எல்லாம் விவரமா எழுதியிருந்தோம்."

"நான் கடிதத்தைப் படிக்கிறதில்ல மேடம். நிலத்தைப் படிக்கிறேன்."

"பிள்ளைங்க மேடையில பேசுறது பெத்தவங்க காதுல விழணும் சார். அதுக்காகத்தான் பத்து வருஷமா அலையுறேன்."

"விழும், விழும். இங்க கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினார். தலைமையாசிரியை வாங்கவில்லை. ஆர்க்கிடெக்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வரைபடம் பெரிய போட்டி ஒன்றுக்குப் போக வேண்டியது. நாளைதான் கடைசித் தேதி, இந்த அம்மாள் கையெழுத்து இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு பெரிய கலைஞனின் பரிசு, ரசனை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவர்கள் கையில் சிக்கிக்கொண்டதே!

"எல்லாரும் ஒரு நிமிஷம் வாயை மூடுங்க!"

மூடினார்கள். ஒரு காக்கை கரைந்துவிட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகு அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்டது.

"கேட்டுதா மேடம்? இந்த அமைதியைத்தான் நிலம் எனக்குக் கொடுத்திருக்கு. இதுக்குக் குறுக்கே சுவர் வைக்கச் சொல்றீங்க! இதுல ஒரே ஒரு குறை சொல்லுங்க, இந்தப் படத்தை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

தலைமையாசிரியை மதிலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"இன்னைக்குக் கல்லுடைக்கிற மெஷினுக்கு லீவு சார்."