மாதுளை இல்லாத தட்டு

"மிர்தோ, கோதுமையில போட்ட மாதுளையைக் காணோம். நீ தின்னியா?"

"தின்னலம்மா."

நேற்று மாதுளையை உரித்தபடிதான் அவளுக்குப் பெர்செபொனி கதையைச் சொல்லிக்கொடுத்தேன். செத்தவர்கள் போய்ச் சேரும் பாதாளத்தின் ராஜா தூக்கிப்போன பெண். தாய் அழுது போராடியதும் அவளை அனுப்பிவிடத்தான் இருந்தார்கள். ஆனால் அங்கே மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள். அதனால் முழுசாக மீள முடியவில்லை.

மிர்தோ இரண்டு தரம் கேட்டாள். "தின்னாம இருந்திருந்தா வந்திருப்பாளா?"

"வந்திருப்பா."

இப்போது சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. கோதுமையை அவித்து, மாதுளை கலந்து, சர்க்கரை தூவி, மேலே பாதாமால் பெயர் எழுதி நான் வைத்த தட்டை இவள் கிண்டி வைத்திருக்கிறாள்.

"கலமாட்டா ஊரே வந்து கைநீட்டி வாங்கும். இதையா கொடுக்கறது? பையில என்ன?"

கவுன் பையைக் கவிழ்த்தாள். ஒன்றுவிடாமல் அத்தனை முத்தும் மேசையில் உருண்டன.

"ஏழு வயசாச்சு. ஏண்டி இப்படிப் பண்ணின?"

"இன்னிக்கு அப்பா செத்து நாற்பதாம் நாள், இது அவருக்காகன்னு சொன்னியே. அங்க அவர் மாதுளையைத் தின்னுட்டா, நம்மகிட்ட எப்படிம்மா வருவார்?"