பாதிப் பாதி

விவாகரத்து ஆகிவிட்டது. கதிரேசனுக்குப் புது நம்பரைத் தர வாசுகிக்கு மனமில்லை. அதனால், இறந்துபோன மகள் பாடும் அந்த ஒரே வீடியோவை நெட் இல்லாமல் போனிலிருந்து போனுக்கு வாங்கிக்கொள்ள, கோர்ட் பெஞ்சில் அவனை ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. முடியப்போகிற நேரம் பார்த்து அவன் எழுந்து வராந்தாக் கோடிக்கு நடந்தான். இணைப்பு அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் எழுந்தவனைத் திருடனைப் பிடிப்பதுபோல் சட்டையோடு கொத்தாகப் பிடித்து உட்காரவைத்தாள்.

"வந்துருச்சு. விடுடி."

"ஓட்டிப் பாத்துட்டு விடுறேன்."

மகளின் வாய் அசைந்தது. ஒலியை முழுக்கக் கூட்டியும் சத்தமே வரவில்லை.

"எல்லாத்தையும் பாதிப் பாதின்னு நீதானே கேட்ட? படம் உனக்கு, குரல் எனக்கு."

அவள் பிடி தளரவில்லை. மெல்லக் காலருக்கு ஏறியது.