எலி கடித்த பை

"இது பையா, இல்ல யாரையாவது பழிவாங்கத் தைச்சதா?" என்றபடி பட்டாளத்தக்கா அந்தப் பச்சை மூட்டையை மேசையில் தொப்பென்று போட்டாள்.

ராணுவம் கழித்துத் தள்ளிய சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடை அது. கூடாரம், தண்ணீர்க் குப்பி, பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். இருபது வருஷமாக அதற்குள்ளேயே கிடப்பவளுக்குத் தெரு வேறென்ன பெயர் வைக்கும்?

தையலைத் தடவியே எந்தக் காலத்துச் சரக்கு, எந்தப் படைக்குப் போனது என்று சொல்லிவிடுவாள். பழைய சாமான் சேகரிக்கிறவர்கள் ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் இவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு மதியத்திலிருந்து இந்தப் பை தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், அக்காவுக்குப் பையின் மேல் கோபமில்லை. எதிரே சரக்குப் பட்டியலோடு உட்கார்ந்திருந்த மகள் மேல்தான் கோபம். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு மணிக்கு பஸ். அக்கா கூடவே போய் அங்கேயே இருந்துவிடுவது என்று இரண்டு டிக்கெட் எடுத்துவைத்துவிட்டாள். மகளோ, போனால் தனியாகத்தான், இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்கிறாள்.

"பெட்டியை யார்டி ஏத்துவா, யார் இறக்குவா?" என்று காலையில் கேட்டதற்கும் அதே பதில்தான்.

இருபத்து நாலு வயசு. இன்றைக்கும் தலை பின்னிவிடுவது அம்மா. பெட்டியை அடுக்கியது அம்மா, பூட்டியதும் அம்மா. கேட்டால் தனியாகப் போவாளாம்! பிடித்த முயலுக்கு மூணே கால். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததோ என்று அக்கா பொருமினாள். யாரிடமிருந்து வந்தது என்று தெருவுக்கே தெரியும்.

சரி, பை.

அச்சடித்த சரக்கு எண் இல்லை. உள்பக்கம் மையால், கையெழுத்தில், ஒரு ஒன்பது. அதுவரை சுலபம். படையில் புதுசாக ஒன்றைச் செய்துபார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு மட்டும் தைத்து, கையால் எண் போட்டு, சில சிப்பாய்களிடம் கொடுத்துச் சுமக்கச் சொல்வார்கள். சரிப்படாவிட்டால் மூட்டை கட்டி ஏலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சோதனைச் சரக்கு. கிடைப்பதே அபூர்வம்.

ஆனால் அக்காவுக்கு அது போதாது. சோதனைக்குத் தைத்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவனுடைய கஷ்டத்துக்காகத் தைத்தது. அது என்ன கஷ்டம் என்று தெரியாமல் அவள் எந்தச் சாமானுக்கும் பெயர் வைக்க மாட்டாள்.

இதில் எல்லாமே கோணல். தோள்வார் இரண்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று, மார்புக்குக் குறுக்கே. அடியில் கம்பிச் சட்டம் வைத்து, ஆள் பிடிக்காமலே நின்றது. வாயைச் சுற்றி இரும்பு வளையம், மூடுவேனா பார் என்றது. வார் முனையில் ஒரு கொக்கி, பையின் மறுபக்கம் குட்டை நாடாவில் அதற்கொரு சின்ன வளையம். கொக்கிக்குச் சற்று மேலே தடித்த தோல் நாக்கு. அதில் மட்டும் வரிசையாகக் கடித்த தடம்.

போட்டுப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள். இந்தக் கையால் பிடித்து, அந்தக் கையால் இழுத்துப் பார்த்தாள். தோல் நாக்கு நடுவில் வந்து இடித்ததுதான் மிச்சம்.

"எலி வேற கடிச்சிருக்கு. கழிச்சதுல தப்பே இல்ல. தையல் பிழைன்னு எழுதிடு."

மகள் எழுதவில்லை. பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றியவள், அப்படியே அந்தத் தோல் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைத் துப்பினாள்.

"எலி இல்லம்மா. மனுஷப் பல்லு."

எழுந்து வந்து, மேசையில் நின்ற பைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வாரைத் தோளுக்கு மேலாக முன்னால் இழுத்தாள். தோல் நாக்கைப் பல்லால் கவ்வி வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்து நாடா வளையத்தைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினாள்.

டக்.

பை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டடி நடந்தாள். குதித்துக்கூடப் பார்த்தாள், கழுதை.

மொத்தமும் இடது கையால். வலது பக்கம், காலையில் அக்காவே மடித்து ஊசி குத்திவிட்ட வெறும் சட்டைக்கை, குத்திய இடத்திலேயே இருந்தது.

அக்கா தன் தலையில் தட்டிக்கொண்டாள். அடிப்பாவி, இருபது வருஷ அனுபவமாம்! இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இழுத்தால் எப்படித் தெரியும்? ஒரு கையில் குண்டு பட்டவன், யாராவது வந்து மாட்டிவிடுங்கப்பா என்று காத்துக் கிடக்காமல், தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்துவரத் தைத்த பை.

மகளின் கையைக் கொண்டுபோன விபத்து நடந்து மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தில் மகளை ஒரு பை தூக்க விட்டதில்லை அவள்.

தோளில் வார் லேசாகத் திருகியிருந்தது. அக்காவின் கைகள் பரபரவென்று கிளம்பின. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மகளே திருகலை எடுத்துவிட்டாள்.

"லிஸ்ட்ல என்னன்னு எழுத?"

"கொடுத்தாச்சுன்னு எழுது. ஏழு மணி பஸ்ல போகுது."

மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். பையின் வாய் திறந்தே இருந்தது. இரண்டு டிக்கெட்டில் ஒன்றை மட்டும் அதற்குள் போட்டாள்.