ரத்த வங்கியிலிருந்து பேசுகிறோம்

"ஹலோ, கம்வெண்டோ ஐயாங்களா? ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலேருந்து பேசறேன். நர்ஸ் தகோண்ட்வா. உங்க முழுப் பேரும் பிறந்த தேதியும் கொஞ்சம் சொல்றீங்களா?"

"எதுக்கு?"

"பேசறது நீங்கதானான்னு உறுதி பண்ணிக்கத்தான்."

"நல்லாருக்கே கதை! போன் பண்ணினது நீ. நீ யாருன்னு முதல்ல நீ சொல்லு தங்கச்சி."

"அதான் சொன்னேனே ஐயா, ரத்த வங்கி..."

மறுமுனையில் ஒரே இரைச்சல். கம்வெண்டோ மினிபஸ் டிரைவர். லிம்பே பஸ் ஸ்டாண்டில் பாங்வே போகும் வண்டியை நிறுத்திவிட்டு, ஆள் நிரம்பக் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் காது இந்த போனில்தான்.

"என்னவாம்ணே?" என்றது ஒரு கனத்த ஆண் குரல்.

"ஏதோ வங்கியாம். பிறந்த தேதி கேக்கறாங்க."

"வங்கியா! அய்யய்யோ, சொல்லிடாதீங்க! என் மச்சான் இப்படித்தான் தேதியைச் சொன்னான். போன்ல வெச்சிருந்த காசெல்லாம் சுத்தமா வழிச்சிட்டாங்க."

"கட் பண்ணுய்யா!" என்றாள் ஒரு பெண்.

தகோண்ட்வா குரலை உயர்த்தினாள். "ஐயா, காசு விஷயம் இல்ல. உங்க ரத்தம் வேணும். அவசரம்."

"நேத்து ஒருத்தன் கரண்ட் ஆபீஸ்னான். முந்தாநாள் ஒருத்தன், உன் தம்பி ஜெயில்ல இருக்கான்னான். எனக்குத் தம்பியே கிடையாது. இன்னைக்கு நீ ரத்தமா? சரி, நான் கடைசியா எப்ப ரத்தம் குடுத்தேன், சொல்லு பாப்போம்."

"நீங்க விவரம் சொன்னாத்தான் நான் அதைச் சொல்ல முடியும்."

"நீ சொன்னாத்தான் நான் விவரம் சொல்ல முடியும்."

"ஐயா, இங்க ஒரு உயிர் ஊசலாடுது..."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்றான்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவே இல்லை.

பக்கத்து மேஜையிலிருந்த நர்ஸ் எஸ்நத் இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மனுஷனா இவன்? கிட்னியையா கேட்டோம்? பேரும் தேதியும்தானே! பஸ்ஸுக்குள்ள இருந்துக்கிட்டு கூட்டமா சேர்ந்து வேற கும்மாளம். ஊர்ல ஈரமே இல்லாம போச்சு."

தகோண்ட்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசவ வார்டில் ஒரு பெண். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். அந்த வகை ரத்தம் ஒரு பை கூடக் கையிருப்பில் இல்லை.

அந்த வகை ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போட்டாள். அவர் லிலோங்வேயில் இருந்தார், அங்கிருந்து வந்து சேரவே பொழுது போய்விடும். அதற்கடுத்தவர் போன் அணைத்துக் கிடந்தது.

டாக்டர் வாசலில் எட்டிப் பார்த்தார். "யாராவது கிடைச்சாங்களா?"

"ஒருத்தர் கிடைச்சார். வரமாட்டேன்னுட்டார்" என்றாள் எஸ்நத், தகோண்ட்வா வாய் திறப்பதற்குள்.

டாக்டர் வார்டுக்குத் திரும்பினார்.

தகோண்ட்வா மறுபடி போனை எடுத்தபோது, கேட் பக்கம் விடாத ஹாரன் சத்தம்.

"இது ஆஸ்பத்திரிய்யா, பஸ் ஸ்டாண்டு இல்ல!" என்று வாட்ச்மேன் கத்தினார். ஒரு மினிபஸ் அவரைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. கதவு திறந்து திமுதிமுவென்று ஆட்கள் இறங்கினார்கள். டை கட்டிய ஒருவர். கோழியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு பெண். எல்லோருக்கும் முன்னால், வேர்த்து விறுவிறுத்து, டிரைவர்.

"இங்க நர்ஸ் தகோண்ட்வான்னு நிஜமாவே யாராவது இருக்காங்களா?"

"நான்தான்" என்றாள் தகோண்ட்வா.

அவர் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வைசன் கம்வெண்டோ. பிறந்த தேதி, ஊரு, எங்க அம்மா பேரு, என்ன வேணும்? இப்பக் கேளு சிஸ்டர், எல்லாம் சொல்றேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே ஐயா?"

"ஆஸ்பத்திரி நம்பர் எனக்கு எங்க தெரியும்? வழிதான் தெரியும்."

"போனை வெச்சதுலேருந்து இவருக்கு இருப்பே கொள்ளலை" என்றாள் கோழிக்காரப் பெண். "ஒருவேளை நிஜமா இருந்துட்டா, ஒருவேளை நிஜமா இருந்துட்டான்னு புலம்பல். நாங்கதான், சரி வண்டியைத் திருப்புய்யா, போய்ப் பாத்துட்டே வந்துருவோம்னோம்."

பரிசோதனை முடிந்து, அவர் ரத்தம் பையில் இறங்க ஆரம்பித்தது. டை கட்டியவர் தொண்டையைச் செருமினார். போனில் கேட்ட அதே கனத்த குரல்.

"வந்ததுதான் வந்தோம். என்னுது என்ன வகைன்னு எனக்கே தெரியாது. பாருங்களேன், யாருக்காவது ஆகும்."

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கோழி, வாட்ச்மேன் கைக்கு மாறியது.

சாயந்திரம் ஆவதற்குள் டாக்டர் வந்து, "இனி பயமில்லை" என்றார். கம்வெண்டோ இரண்டாவது கோப்பை ஜூஸைக் காலி செய்துகொண்டிருந்தார்.

எஸ்நத்துக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. போன்ல நீங்க அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி மாட்டேன்னதும், உங்களை நான் என்னென்னவோ திட்டிட்டேன்."

அவர் சிரித்தார்.

"நான் குடுக்க மாட்டேன்னது விவரத்தைத்தானே சிஸ்டர்? ரத்தத்தை இல்லையே!"