தினமும் வந்த வாசகர்

நாரின் நகரத்து மூன்றாம் மாடி வீடு. சமையலறை மேசையில் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. எர்மெக் இறந்து இன்று நாற்பதாம் நாள். பொரிக்கிற வாசனை அவனிடம் போய்ச் சேரட்டும் என்று அவன் தங்கை ஜிப்பார் போர்சோக் என்ற பலகாரத்துக்கு மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் மனைவி புருல் மடிக்கணினியை விட்டு அசையவில்லை. மலைச் செடிகளைப் பற்றி அவள் எழுதிவரும் வலைப்பூவுக்கு இனி விளம்பரம் கிடையாது என்று விளம்பர நிறுவனத்திடமிருந்து மின்கடிதம் வந்திருக்கிறது. "என்னவாம் அண்ணி?" "என் பக்கத்து விளம்பரத்தை நானே அழுத்திக் காசு பார்த்தேனாம். தினமும் காலைல, இந்த வீட்டுலேருந்தே, இருபது தடவை. அது கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" "கடைசியா எப்பவாம்?" புருல் தேதியைப் படிக்கிறாள். எர்மெக்கை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன நாள். ஜிப்பாரின் கத்தி நிற்கிறது. "அது கூடாதுன்னு அண்ணனுக்குத் தெரியாதே அண்ணி," என்கிறாள் மெதுவாக. ஜன்னலோரக் கட்டிலில் கம்பளி மடித்தபடி இருக்கிறது. நோயில் அதில் படுத்துக்கொண்டு எர்மெக் தினமும் சாயங்காலம், ஒன்றுமே அறியாத முகத்தோடு கேட்பான்: "இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க, எழுத்தாளரம்மா?" அவளும் பத்தை நூறாக்கிப் பீற்றிக்கொள்வாள். ஜிப்பார் முதல் துண்டை எண்ணெயில் போடுகிறாள். வாசனை எழுந்து அறையை நிறைக்கிறது. புருல் கடிதத்தை மூடாமலே திரும்பி, காலிக் கட்டிலைப் பார்த்துப் பதில் சொல்கிறாள்: "ஒரே ஆள்தான் வந்திருக்கு."