சட்டையைத்தான் சொன்னேன்

"பட்டன் பெருசு, காஜா சின்னது. அவசரப்படாம மெதுவாப் போடும்மா" என்றார் மாஸ்டர், கூடம் முழுக்கக் கேட்கிற குரலில்.

நாற்பது தையல் மெஷின்களும் ஒரு நொடி நின்றன. நாற்பது பெண்களும் சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வது? லீவு, ஓவர்டைம், உட்காரும் இடம் எல்லாம் அவர் கையில். மாஸ்டரோ தன் நாக்கில் தேன் தடவியிருப்பதாகவே நம்பி வந்தார். அசிங்கமாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பெருமை வேறு. பேசுவதெல்லாம் சட்டையைப் பற்றித்தான். மிச்சத்தைக் கண் சொல்லிவிடும்.

செக்கிங் மேசையில் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த புதியவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சேர்ந்து மூன்று மாதம். இன்றோடு சோதனைக் காலம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் தாள் மாஸ்டர் கையில்தான் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"நான் சட்டையைத்தாம்மா சொன்னேன். நீ எதை நினைச்ச?"

இந்த இடத்தில் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவருக்கு அதில்தான் முழு ருசியும்.

இவள் குனியவில்லை. அம்மாவை நினைத்ததாகச் சொன்னாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் இதே மேசையில்தான் இருந்தாளாம். ஏழே மாதம். அதற்குமேல் முடியாமல் நின்றுவிட்டாளாம். அப்போதும் இதே பட்டன், இதே காஜா.

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். எந்த முகமும் வரவில்லை. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். யாரையென்று நினைவில் வைப்பது? தன் பேச்சு ஒரு வீடுவரை போய் இத்தனை வருஷம் தங்கியிருப்பது மட்டும் அவர் நெஞ்சைக் குளிர்வித்தது.

அம்மா தன்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று ஆசையாகக் கேட்டார்.

"பேரைச் சொல்ல மாட்டாங்க. வீட்டுல உங்களை எப்பவும் ஊசி மாஸ்டர்னுதான் சொல்வாங்க."

முப்பது வருஷமாக ஊசியும் நூலுமாக வாழ்ந்த மனிதர். முகம் பூத்துவிட்டது. அங்கேயே, மேசைமேல் வைத்துக் கையெழுத்தைப் போட்டார்.

அவள் தாளை வாங்கி, நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதலில் இஸ்திரி மேசைக்காரிக்குத்தான் புரிந்தது. ஊசிப்போன முந்தாநாள் சாப்பாட்டைத் திறந்தவள்போல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் தொடங்கிய சிரிப்பு கடைசி மெஷின்வரை ஓடியது.

என்னவென்று தெரியாமலே மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.